உலாவிக்குள் மறைசெய்தி: சாவி இருக்கும் இடத்தின் வரலாறு

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலோ தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தின் அருகிலோ ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தால், சுவரில் ஒரு கைப்பேசி எண்ணை எழுதி ஒட்டியிருப்பார்கள். அச்செடுக்க வேண்டிய கோப்பை அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். கடைக்காரர் கைப்பேசியைத் தொடுவதில்லை. மேசைக்கணினியின் உலாவியில் வாட்ஸ்அப் வெப் காலை முதல் கடை மூடும் வரை திறந்தே கிடக்கும். ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், மாற்றுச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் என எல்லாம் அங்கே வந்து இறங்கும். அனுப்புகிறவரின் திரையில், இந்த உரையாடல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டது, இடையில் யாரும் படிக்க முடியாது என்ற அறிவிப்பு தெரியும்.

அந்த அறிவிப்பு பொய்யன்று. அனுப்பியவரின் கைப்பேசிக்கும் கடைக்காரரின் கணினிக்கும் இடையில் உள்ள எவராலும், வாட்ஸ்அப் நிறுவனத்தாலும்கூட, அக்கோப்பைப் படிக்க இயலாது. ஆனால் 'முனை' என்று சொல்லப்படும் இடம் இங்கே ஓர் இணைய உலாவி. செய்தியைத் திறக்கும் சாவி அந்த உலாவிக்குள் இருக்கிறது. திறந்த செய்தியும் அங்கேயே தங்குகிறது. திறக்கும் வேலையைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல். முப்பது ஆண்டுகளில் இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்பதையும், அதை ஒட்டிய ஒரு கேள்வி 2018, 2019-ஆம் ஆண்டுகளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் எப்படி வந்து நின்றது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

ஒரே சொல், இரு பொருள்

தமிழில் இத்துறையைப் படிக்கும் மாணவர் முதலில் இடறும் இடம் ஒரு சொல். 'குறியாக்கம்' என்ற சொல்லை எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறைக்கும் வழங்குகிறோம், செய்தியைப் பிறர் படிக்காதபடி பூட்டும் முறைக்கும் வழங்குகிறோம். இரண்டும் வேறு. 1990-களின் இறுதியில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு முதல் வகை நன்றாக நினைவிருக்கும். தாப், தாம், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கம் இருந்தது. உரிய எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் நல்ல தமிழ்க் கட்டுரை முழுவதும் புரியாத கிறுக்கலாகத் தெரியும். பார்வைக்கு அது பூட்டிய செய்தி போலவே இருக்கும். ஆயினும் எழுத்துருவை நிறுவிய அடுத்த நொடியே யாரும் படிக்கலாம். அங்கே மறை எதுவும் இல்லை.

இன்றைய உலாவிச் செயலிகளிலும் இதே குழப்பம் உண்டு. பேஸ்64 என்ற முறையில் மாற்றிய சரத்தைப் பார்த்து அதைப் பூட்டப்பட்ட செய்தி என்று எண்ணிவிடும் புதிய நிரலாளர்கள் பலர். பேஸ்64 வெறும் எழுத்து மாற்றம். அதைத் திரும்ப மாற்றச் சாவி வேண்டாம். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இக்கட்டுரையில் பூட்டுவதற்கு 'மறையாக்கம்' என்றும் திறப்பதற்கு 'மறைநீக்கம்' என்றும் எழுதுகிறோம்.

மறைத்துப் பேசுவது நமக்குப் புதிதன்று. ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூல் தகுதி வழக்கில் சேர்க்கிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி அதன் அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றிலும் நூறு பேர் நிற்க, தொகை இருவருக்கு மட்டுமே தெரியும். முனைக்கு முனை மறையாக்கம் என்பதை விளக்க இதைவிட எளிய உவமை கிடைக்காது. துண்டை யார் தருகிறார் என்ற கேள்வி மட்டும் சந்தையில் எழுவதில்லை, அது தரகரின் சொந்தத் துண்டு. உலாவியில் அக்கேள்விதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

நாற்பது பிட் காலம்

1995-ஆம் ஆண்டு மூன்று காரியங்கள் நடந்தன. அந்த ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் ஒரு சிறு மொழியை உருவாக்கினார். ஆண்டின் இறுதியில் அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் வைத்தனர். அதே நிறுவனம் உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே செல்லும் தரவைப் பூட்டும் எஸ்.எஸ்.எல். நெறிமுறையைப் பரப்பியது. ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அதைப் பெற்ற முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று.

அந்த ஆண்டு செப்டம்பரிலேயே உலாவி மறையாக்கத்தின் முதல் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. பெர்க்கிலி பல்கலைக்கழக மாணவர்களான இயன் கோல்ட்பெர்க், டேவிட் வாக்னர் இருவரும் நெட்ஸ்கேப் உலாவி சாவியை எப்படி உருவாக்குகிறது என்று ஆராய்ந்தனர். ஊகிக்க முடியாத எண்ணிலிருந்து பிறக்க வேண்டிய சாவி, கணினியின் அப்போதைய நேரம், ஓடும் நிரலின் அடையாள எண், அதன் தாய் நிரலின் அடையாள எண் ஆகிய மூன்றிலிருந்து பிறந்துகொண்டிருந்தது. மூன்றையும் ஓரளவு ஊகிக்கலாம். பூட்டு வலிமையானது, சாவியின் பற்களோ எளிதில் கணிக்கத்தக்கவை. இந்தப் பாடம் பின்னர் பல முறை மறக்கப்பட்டது.

இந்தியாவில் இருந்தவர்களுக்குப் பூட்டும் வலிமையானதாகக் கிடைக்கவில்லை. அமெரிக்க ஏற்றுமதி விதிகளின்படி வெளிநாடுகளுக்குச் சென்ற உலாவிகளில் 40 பிட் நீளச் சாவியே இருந்தது. 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்க மலைப்பாக இருந்தாலும் கணினிக்கு அது சிறிய எண். 1997 ஜனவரியில் அதே கோல்ட்பெர்க் 250 கணினிகளைப் பூட்டி, 40 பிட் சாவி ஒன்றை மூன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார்.

நம் நாட்டின் விதியும் அந்த அளவிலேயே நின்றது. 1990-களின் இறுதியில் இணையச் சேவை நிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட உரிம விதிகளின்படி, தனிநபரும் நிறுவனங்களும் அனுமதியின்றி 40 பிட் வரையே மறையாக்கம் செய்யலாம். அதற்கு மேல் வேண்டுமானால் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். மறைநீக்கச் சாவியை இரண்டு பகுதிகளாகப் பிரித்துத் தொலைத்தொடர்பு அதிகார அமைப்பிடம் ஒப்படைக்கவும் வேண்டும். 2001-இல் இந்திய ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு 128 பிட் எஸ்.எஸ்.எல். குறைந்தபட்சத் தேவை என்று வழிகாட்டியது. ஓர் அமைப்பு கூடாது என்றதை இன்னொன்று கட்டாயம் என்றது. நடைமுறையில் வென்றது வங்கிதான். ஆனால் சாவியின் ஒரு பிரதி அரசிடமோ நிறுவனத்திடமோ இருக்கட்டும் என்ற எண்ணம் அந்த உரிம விதியோடு மறையவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இதே காலத்தில் மறையாக்கம் தென்சென்னையில் ஆழமாகப் படிக்கப்பட்ட பாடமாகவும் இருந்தது. சென்னைக் கணிதக் கழகம் சிறுசேரிக்குப் போவதற்கு முன் தியாகராய நகரின் ஜி.என். செட்டி சாலையில் இயங்கியது. ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயமறவும் அறியும் வழியை 2002-இல் கண்ட மூவரில் ஒருவரான மணீந்திர அகர்வால், 1993 முதல் 1995 வரை அந்நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தார். மறையாக்க ஆய்வாளர்களின் இந்தோகிரிப்ட் மாநாடு 2001, 2004, 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் கூடியது. ஆசிய அளவிலான ஆசியாகிரிப்ட் 2005 டிசம்பரில் இங்கு நடந்தது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், தகவல் பாதுகாப்புக்கென்றே 2002-இல் அமைந்த செட்ஸ் ஆய்வு நிறுவனமும் உள்ளன. அடையாற்றின் தென்கரையை மறையாக்கத்துக்குப் புதிய இடம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பூட்டையும் அவரே தருகிறார்

எஸ்.எஸ்.எல். பூட்டுவது பாதையை மட்டும். வழங்கியை அடைந்ததும் செய்தி திறந்துவிடும்; அங்கே உள்ளவர் படிக்கலாம். அவரும் படிக்கக் கூடாது என்றால் உலாவிக்குள்ளேயே பூட்டி, பூட்டிய வடிவிலேயே அனுப்ப வேண்டும். இதைப் பொதுமக்களுக்கு முதலில் கொண்டுவந்த சேவைகளில் ஒன்று கனடாவின் ஹஷ்மெயில். 1999-இல் தொடங்கிய அது, உலாவிக்குள் இறங்கி ஓடும் ஜாவா குறுநிரல் ஒன்றின் வழியாகக் கடிதங்களைப் பூட்டித் திறந்தது. குறுநிரல் மெதுவாக ஓடியதால் பயனர்கள் சலித்தார்கள். ஆகவே பின்னர் கடவுச்சொல்லை வழங்கிக்கே அனுப்பி அங்கேயே திறக்கும் எளிய வழியையும் சேர்த்தனர். 2007-இல் நீதிமன்ற ஆவணம் ஒன்றின் மூலம் உண்மை வெளிவந்தது. கனடா நீதிமன்றத்தின் ஆணைக்கு இணங்கி, 12 குறுந்தகடுகள் நிறைய, திறந்து படிக்கத்தக்க வடிவில் பயனர்களின் கடிதங்களை ஹஷ்மெயில் ஒப்படைத்திருந்தது.

பலரும் அந்த எளிய வழியையே குற்றம் சாட்டினர். உண்மையில் குறுநிரல் வழியும் அதே நிலையில்தான் இருந்தது. குறுநிரலை அனுப்புவதும் அதே வழங்கி. சாவியைத் திருடி அனுப்பும் வேறொரு குறுநிரலை ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் எப்படி அறிவார்? 2011-இல் மட்டசானோ என்ற பாதுகாப்பு நிறுவனம் உலாவி ஜாவாஸ்கிரிப்ட் மறையாக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதியபோது இவ்வாதத்தைத்தான் முன்வைத்தது. வழங்கியை நம்பினால் உலாவிக்குள் பூட்ட வேண்டிய தேவையில்லை. நம்பாவிட்டால் அது அனுப்பும் பூட்டை நம்பக் கூடாது. இதற்கு முழுமையான மறுப்பு இன்றுவரை இல்லை என்பதே என் எண்ணம். இழப்பைக் குறைக்கும் வழிகள் மட்டுமே வந்துள்ளன.

அதே 2011-இல் நதீம் கொபைசி என்ற இளைஞர் கிரிப்டோகேட் என்ற உரையாடல் செயலியை வெளியிட்டார். உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், மறைபேச்சுப் பேசலாம். விமரிசனங்களுக்குப் பின் அது வழங்கியிலிருந்து ஒவ்வொரு முறையும் இறங்காமல், உலாவியில் ஒருமுறை நிறுவும் நீட்சியாக மாறியது. அது சரியான திருத்தம். ஆனால் 2013-இல் ஸ்டீவ் தாமஸ் என்ற ஆய்வாளர் கண்ட வழு வேறிடத்தில் இருந்தது. தனிச்சாவியை உருவாக்கும் செயற்கூறு, ஒவ்வொன்றும் 15 பிட் கொண்ட 17 எண்களின் வரிசையை எதிர்பார்த்தது. அதற்குப் பதின்ம இலக்கங்களால் ஆன ஒரு சரம் கொடுக்கப்பட்டிருந்தது. 32,768 மதிப்புகளில் ஒன்றாக இருக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 9 வரையான ஓர் இலக்கமே இருந்தது. வகைகளைக் கறாராகப் பார்க்கும் மொழியாக இருந்திருந்தால் அந்த நிரல் ஓடியே இருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. 347 நாட்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்நாட்களில் நடந்த குழு உரையாடல்கள் எளிதில் உடையக்கூடியவையாக இருந்தன. எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால் உலகமே மறைபேச்சைத் தேடத் தொடங்கிய அதே கோடைக்காலத்தில் இச்செய்தியும் வந்தது.

'அம்மா' என்ற சொல்லைப் பூட்டிச் சேமிப்பது

இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, மறையாக்கக் கணக்குகளை ஒவ்வொருவரும் தாமே எழுதாமல் உலாவியே தர வேண்டும் என்ற கருத்து வலுத்தது. வெப் கிரிப்டோ என்ற இடைமுகம் 2017 ஜனவரி 26 அன்று வைய விரிவு வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையானது. அதன் முக்கியப் பகுதிக்கு 'சட்டில்கிரிப்டோ' என்று பெயர். நுட்பம் தெரியாமல் தொட்டால் தவறு நேரும் என்ற எச்சரிக்கையைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள்.

தமிழில் எழுதிய செய்தியை எடுத்துக்கொள்வோம். 'அம்மா' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக மொத்தம் 15 பைட். பூட்டும் முன் செய்தியை இப்படிப் பைட்டுகளாக்க வேண்டும். உலாவியிலுள்ள பழைய பேஸ்64 செயற்கூற்றிடம் தமிழ்ச் சரத்தை நேரடியாகக் கொடுத்தால் அது பிழை காட்டி நின்றுவிடும். இலத்தீன் எழுத்துகளுக்கு அப்பால் அதற்குத் தெரியாது. ஆங்கில எடுத்துக்காட்டைப் படியெடுத்த தமிழ் மாணவர் பலர் இந்த இடத்தில் ஒரு மாலைப்பொழுதை இழந்திருப்பார்கள்.

அடுத்தது சாவி. பயனரின் கடவுச்சொல்லை நேராகச் சாவியாக்கக் கூடாது. பி.பி.கே.டி.எஃப்2 போன்ற முறையில் அதைப் பல லட்சம் முறை அரைத்துச் சாவி எடுக்கிறார்கள்; 6 லட்சம் சுற்றுகள் என்பது இன்றைய பரிந்துரைகளில் ஒன்று. உரியவர் ஒருமுறை அரை நொடி காத்திருப்பார். கோடிக்கணக்கான கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்க நினைப்பவர் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். அந்தச் சாவியால் ஏ.இ.எஸ்.-ஜி.சி.எம். முறையில் பூட்டும்போது, ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக 12 பைட் தொடக்க எண் ஒன்று வேண்டும். ஒரே சாவியோடு ஒரே தொடக்க எண்ணை இரு முறை பயன்படுத்தினால் காப்பு குலைந்துவிடும். பூட்டிய பின் யாரும் திருத்தவில்லை என்பதற்கான முத்திரையாக 16 பைட் சேரும். 'அம்மா' என்ற 15 பைட், தொடக்க எண்ணோடும் முத்திரையோடும் 43 பைட்டாகச் சேமிப்புக்குப் போகிறது. சொல்லை மறைத்தாலும் அதன் நீளத்தை இம்முறை மறைப்பதில்லை.

சேமிப்புக்கு உலாவியில் இரண்டு இடங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. லோக்கல்ஸ்டோரேஜ் எளியது, சுமார் 5 மெகாபைட் அளவுக்குச் சரங்களை மட்டும் வைக்கலாம். அந்தத் தளத்தில் ஓடும் எந்த நிரலும் அதைப் படிக்கலாம். பூட்டிய செய்தியையும் அதன் சாவியையும் பக்கத்தில் பக்கத்தில் அங்கே வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியை மிதியடிக்குக் கீழே வைப்பதுதான். இண்டெக்ஸ்டுடிபி பெரிய சேமிப்பு. வெப் கிரிப்டோ தரும் சாவியை 'வெளியே எடுக்க முடியாதது' என்று குறித்து அதில் வைக்கலாம். அப்போது நிரலால் சாவியைப் பயன்படுத்த முடியும், அதன் எண்களைப் பார்க்க முடியாது. பக்கத்துக்குள் தீய நிரல் ஒன்று நுழைந்துவிட்டால் சாவியைத் தூக்கிச் செல்ல அதனால் ஆகாது. ஆனால் உள்ளேயே உட்கார்ந்து செய்திகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லலாம். பாதுகாப்பு உண்டு, எல்லையும் உண்டு.

இன்னோர் ஆபத்தைப் பலரும் எண்ணுவதில்லை. உலாவியின் சேமிப்பு நிலையானதன்று. 2020 மார்ச்சில் ஆப்பிளின் சஃபாரி, பயனர் ஏழு நாட்கள் எட்டிப் பார்க்காத தளங்கள் சேமித்தவற்றை அழிக்கத் தொடங்கியது. செய்திகள் வழங்கியில் பூட்டிக் கிடக்க, ஒரே சாவி உலாவியில் இருந்து அழிந்தால் அச்செய்திகள் யாருக்கும் இல்லை. பிறர் கைக்குப் போவது ஒரு துன்பம், தமக்கே கிடைக்காமல் போவது இன்னொன்று. இறந்தவரின் செய்திகளைத் தேடும் குடும்பத்துக்கு இரண்டாவதே பெரிதாகத் தோன்றும்.

2015: கண்ணாடியில் தெரிந்த கைப்பேசி

வாட்ஸ்அப் வெப் 2015 ஜனவரியில் வந்தது. அப்போது அது கைப்பேசியின் கண்ணாடிப் பிம்பம் மட்டுமே; கைப்பேசி அணைந்தால் உலாவியும் ஊமையாகும். உலாவி ஒரு சாவி இணையை உருவாக்கி, பொதுச்சாவியைக் கட்டங்கள் நிறைந்த க்யூஆர் படமாகத் திரையில் காட்டும். கைப்பேசியின் கேமரா அதைப் படிக்கும். சாவி நிறுவனத்தின் வழங்கி வழியாகச் செல்லாமல் திரைக்கும் கேமராவுக்கும் இடையிலுள்ள காற்றின் வழியே கடக்கிறது. துண்டுக்கடியில் விரல் பிடிப்பதற்கு மிக அருகில் வந்த ஏற்பாடு இது. அழகான வேலை. ஆனால் இணைந்த பின் அமர்வுக்குரிய சாவிகள் அக்காலத்தில் லோக்கல்ஸ்டோரேஜில் சரங்களாகக் கிடந்தன. கணினி முன் ஓரிரு நிமிடம் தனியே உட்காரக் கிடைத்தவர் அவற்றைப் படியெடுக்க முடிந்தது.

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப்பின் எல்லா உரையாடல்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் வந்தது. 2021-இல் சோதனையாகத் தொடங்கிய புதிய அமைப்பில் உலாவி கைப்பேசியின் பிம்பமாக இல்லாமல் தனி முனையானது. அதற்குத் தனி அடையாளச் சாவி. அனுப்புகிறவரின் செயலி ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியே பூட்டி அனுப்புகிறது. ஜெராக்ஸ் கடைக் கணினி இப்போது முழு உரிமையுள்ள முனை. நிரலை அனுப்புவது வழங்கியே என்ற பழைய குறையைக் குறைக்க, 2022 மார்ச்சில் மெட்டா நிறுவனம் கோட் வெரிஃபை என்ற உலாவி நீட்சியை வெளியிட்டது. உலாவிக்கு வந்த நிரலும், கிளவுட்ஃப்ளேர் என்ற வேறொரு நிறுவனத்திடம் பதிந்துள்ள கைரேகையும் ஒன்றா என்று அது ஒப்பிட்டுச் சொல்லும். மட்டசானோ கேட்ட கேள்விக்குப் பதினோர் ஆண்டுகள் கழித்து வந்த பாதி விடை.

இடையில், 2015 செப்டம்பரில் மத்திய அரசு தேசிய மறையாக்கக் கொள்கையின் வரைவை வெளியிட்டது. மறையாக்கம் பயன்படுத்துவோர் செய்தியின் திறந்த வடிவத்தை 90 நாட்கள் வைத்திருந்து, கேட்டால் தர வேண்டும் என்று அதில் இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. பூட்டிய பொருளின் நகலைப் பூட்டாமல் மேசை மீது வைக்கச் சொன்ன அந்த வரைவு நடைமுறைக்கு வந்திருந்தால் வேவுக்காரரைவிடத் திருடருக்கே அதிகம் உதவியிருக்கும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில்

2018 மே மாதம், சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற ஒரு குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் திரண்டு அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். அந்த ஆண்டு நாடெங்கும் இத்தகைய கொலைகள் நடந்தன. வதந்தியை முதலில் எழுதியவர் யார் என்று காவல்துறை கேட்டால், செய்தியைத் தன்னால் படிக்க முடியாது என்பதே வாட்ஸ்அப்பின் விடை. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் வரம்பு வைத்தது.

இச்சூழலில்தான் 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு மனுக்கள் தாக்கலாயின. இணையவழித் துன்புறுத்தலைத் தடுக்க, சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் போன்ற அடையாள ஆவணத்தோடு இணைக்க வேண்டும் என்பது அவற்றின் கோரிக்கை. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் நீதிபதிகள் எஸ். மணிக்குமார், சுப்ரமணியம் பிரசாத் அடங்கிய அமர்வு வழக்கை விரித்து, ஒரு செய்தியின் தோற்றுவாயைக் கண்டறிய முடியுமா என்று கேட்டது.

அதற்கு விடையளிக்க முன்வந்தவர் சென்னை ஐ.ஐ.டி. கணினிப் பேராசிரியர் வீ. காமகோடி, சக்தி நுண்செயலித் திட்டத்தை நடத்தியவர், பின்னர் 2022-இல் அந்நிறுவனத்தின் இயக்குநரானவர். 2019 ஜூலை இறுதியில் அவர் அளித்த யோசனையின் சாரம் இது: செய்தியை முதலில் எழுதியவரின் அடையாளம் செய்தியோடு ஒட்டியே செல்லட்டும். அது பெறுவோர் எல்லாருக்கும் வெளிப்படையாகத் தெரியலாம்; அல்லது அந்த அடையாளத்தை மட்டும் வாட்ஸ்அப் திறக்கக்கூடிய சாவியால் பூட்டி, நீதிமன்றம் ஆணையிடும்போது திறக்கச் செய்யலாம். எழுதுகிறவர் தம் செய்தியை முன்னனுப்பக் கூடாதது என்று குறிக்கவும் வழி இருக்கும். மீறி அனுப்புகிறவர் அதன் தோற்றுவாயாகக் கருதப்படுவார். செய்தியின் உள்ளடக்கத்தை யாரும் படிக்க வேண்டியதில்லை என்பதால் மறையாக்கம் உடையாது என்பது அவரது நிலைப்பாடு.

இந்த வழக்கில் தலையிட்ட இன்டர்நெட் ஃப்ரீடம் பவுண்டேஷன் சார்பில் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் எதிர்க்கருத்து அளித்தார். தீய எண்ணம் உள்ளவர் திருத்திய செயலியைப் பயன்படுத்தி, தோற்றுவாய் என்ற இடத்தில் வேறொருவரின் அடையாளத்தைப் பொருத்திவிடலாம் என்பது அதில் முக்கியமான வாதம். குற்றவாளி தப்பிக்கும் வழி அது. அப்பாவி மாட்டிக்கொள்ளும் வழியும் அதுவே.

இவ்வாதம் கற்பனையன்று என்பதற்கு அந்த நேரத்திலேயே ஒரு சான்று இருந்தது. செக் பாயின்ட் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வாட்ஸ்அப் வெப் க்யூஆர் படத்தைக் காட்டும் கட்டத்தில் உலாவிக்குள் பிறக்கும் சாவிகளை எடுத்து, உலாவிக்கும் கைப்பேசிக்கும் இடையே சென்ற செய்திகளை மறைநீக்கம் செய்து காட்டியிருந்தனர். மறைநீக்கம் செய்ததைத் திருத்தி மீண்டும் பூட்டியும் அனுப்பினர். குழுவில் ஒருவர் எழுதியதை மேற்கோளாகக் காட்டிப் பதிலளிக்கும் வசதியில், அவர் எழுதாததை அவர் எழுதியதாகக் காட்ட முடிந்தது. 2018 ஆகஸ்டில் வெளியிட்ட இதை, சென்னையில் வழக்கு நடந்துகொண்டிருந்த 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிளாக் ஹேட் மாநாட்டில் மீண்டும் விளக்கினர். அவர்கள் மறையாக்கக் கணக்கு எதையும் உடைக்கவில்லை. உலாவி அவர்களுடையது, சாவி அவர்களுடைய கணினியில் இருந்தது, ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் திறந்து படிக்க எந்தத் தடையும் இல்லை. ஹஷ்மெயிலில் பயனர் வழங்கியை நம்ப முடியவில்லை. இங்கே வழங்கி பயனரின் உலாவியை நம்ப முடியாது. முதல் எழுத்தாளரின் பெயரை எழுதி அனுப்ப வேண்டியது அந்த உலாவிதான் என்றால், அந்தப் பெயரை மட்டும் கொண்டு ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

காமகோடியின் யோசனையை எளிதில் தள்ளுவதும் நியாயமாகாது. திருத்திய செயலியைத் தேடிப் பிடித்து நிறுவுகிறவர் சிலரே. வதந்தியைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் கடையிலிருந்து வாங்கிய கைப்பேசியை அப்படியே பயன்படுத்தியவர்கள். தம் பெயர் ஒட்டியிருக்கும் என்று தெரிந்தால் அவர்களில் பலர் தயங்கியிருக்கக்கூடும். ஆனால் அதே தயக்கம், அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டை வெளியே சொல்ல நினைக்கும் ஊழியருக்கும் வரும். பெயரைத் திறக்கும் சாவி ஒரு நிறுவனத்திடம் இருப்பதென்பது, 1990-களின் உரிம விதியில் இரண்டு பகுதிகளாக ஒப்படைக்கச் சொன்ன சாவி வேறு உருவில் திரும்பி வருவதேயாகும்.

வாதம் இந்நிலையில் இருக்கும்போதே, சென்னை, மும்பை, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் இருந்த இத்தகைய வழக்குகளைத் தன்னிடம் மாற்றிக்கொள்ளுமாறு ஃபேஸ்புக் உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. 2019 அக்டோபர் 22 அன்று நீதிபதிகள் தீபக் குப்தா, அனிருத்தா போஸ் அமர்வு அவற்றை மாற்றி ஆணையிட்டது. சென்னை அமர்வு முடிவு சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று.

கேள்வி மட்டும் விதியாக மாறியது. 2021 பிப்ரவரி 25 அன்று வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகளின் நான்காம் விதி, 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால் இந்தியாவில் ஒரு செய்தியை முதலில் தொடங்கியவரை அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது. மூன்று மாதங்களில், மே 2021-இல், வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. 2024 மார்ச்சில் இவ்விதிகளை எதிர்த்து நாட்டின் பல உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் டெல்லிக்கே அனுப்பியது. அடுத்த மாத விசாரணையில், மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப் இந்தியாவை விட்டுப் போய்விடும் என்று அதன் வழக்கறிஞர் நீதிபதிகளிடம் கூறினார்.

ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த கோப்புகளோ இதில் எதையும் பொருட்படுத்துவதில்லை. அச்செடுக்கப் பதிவிறக்கிய கணமே அவை உலாவியின் சேமிப்பைவிட்டு வெளியேறி, கணினியின் பதிவிறக்க அடைவில் சாதாரணக் கோப்புகளாகக் கிடக்கின்றன. வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறினாலும் அவை அழிவதில்லை. கடைக்காரர் வட்டு நிரம்பும் வரை அந்த அடைவைத் திறந்து பார்ப்பதுமில்லை.